ஒரு பல் மட்டும் ஏன் கருத்தது?

கேள்வி:

எனக்கு வயது 29. இன்னும் மூன்று மாதத்தில் திருமணம். என் பற்கள் மஞ்சளாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை காபி குடிப்பேன். யாராவது ஃபோட்டோ எடுத்தால் என்னை அறியாமலேயே கை வாய்க்குப் போய்விடுகிறது. ஒரு கிளினிக்கில், மேல்வரிசையில் எட்டுப் பற்களுக்கு வெனீர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய பீங்கான் ஓடு) போட்டால் இரண்டே சிட்டிங்கில் முடிந்துவிடும் என்றார்கள். தோழி ஒருத்தி கரித்தூள் பற்பசையே போதும் என்கிறாள். நீல விளக்கு வைத்த வைட்டனிங் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிட்டேன், இன்னும் பிரிக்கவில்லை. பிளீச்சிங் செய்தால் எனாமல் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எதைச் செய்வது, டாக்டர்?

பின்குறிப்பு: ஆறாம் வகுப்பு படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்றின் முனை உடைந்தது. அப்போதே அடைத்துவிட்டார்கள். அந்தப் பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சாம்பல் நிறமாகத் தெரியும். வலி எதுவும் இல்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது பின்குறிப்புதான். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் காபியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்தச் சாம்பல் பல்லைத்தான் பார்த்திருப்பேன். எட்டு வெனீர் சொன்ன இடத்தில் அந்தப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தார்களா? எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை.

அடிபட்ட பல்லுக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பல்லின் நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் கொண்ட மென்மையான சதை இருக்கிறது. பலமாக அடிபட்டால் அந்தக் குழாய்கள் வேரின் நுனியில் அறுந்துபோகலாம். உள்ளே கசிந்த ரத்தம், எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற பகுதியின் நுண்குழாய்களுக்குள் இறங்கித் தங்கிவிடும். முழங்கையை இடித்துக்கொண்டால் கன்றிப்போய் நீலம் பாரிக்கிறது இல்லையா, அதே கதைதான். கையில் கன்றியதை உடம்பே பத்துப் பதினைந்து நாளில் துடைத்துவிடும். ரத்த ஓட்டம் நின்றுபோன பல்லில் துடைக்க ஆள் இல்லை. கறை அங்கேயே கிடந்து, வருடக்கணக்கில் சாம்பலாக வெளியே தெரியும்.

அடிபட்ட பல் எல்லாமே இப்படி ஆகிவிடாது. சில பற்களில் உள்ளிருக்கும் சதை உயிரோடுதான் இருக்கும். ஆனால் பயந்துபோன மாதிரி தன்னைச் சுற்றி டென்டினை அடுக்கிக்கொண்டே போய், நடுவில் இருக்கும் குழியையே தூர்த்துவிடும். அந்தப் பல் சாம்பலாக ஆகாமல் மற்றவற்றைவிட அடர்ந்த மஞ்சளாக மாறும். நீங்கள் சாம்பல் என்று எழுதியிருப்பதால் முதல் வகையாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. குளிர்ந்த பஞ்சை வைத்துப் பார்க்கும் சோதனை, ஒரு சின்ன எக்ஸ்ரே, இரண்டும் சேர்ந்து பத்து நிமிட வேலை. அதில் தெரிந்துவிடும்.

வலி இல்லை என்கிறீர்கள். உயிர் போன பல் வலிக்காமல் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. வேரின் நுனியில் சீழ்க்கட்டி மெதுவாக வளர்ந்து, எக்ஸ்ரேயில் கருவட்டமாகத் தெரிகிற அளவுக்குப் பெரிதாகியும் எதுவுமே உணராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்குத் திடீரென்று ஒரு நாள் காலையில் உதடு வீங்கியிருக்கும். அது உங்கள் திருமண வாரத்தில் நடக்க வேண்டாம்.

சரி, மஞ்சளுக்கு வருவோம். பல்லின் மேலோடான எனாமல் கண்ணாடி மாதிரி ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயற்கையிலேயே மஞ்சள். எனவே ஆரோக்கியமான பல்லிலும் மஞ்சள் சாயல் இருக்கத்தான் செய்யும். கோரைப்பற்கள் மற்ற முன்பற்களைவிட ஒரு படி கூடுதல் மஞ்சளாக இருப்பதும் இதனால்தான். அங்கே டென்டின் தடிமன் அதிகம். வயது ஏற ஏற எனாமல் தேயும், டென்டின் தடிக்கும், நிறம் கூடும். இதன் மேல் காபியும் டீயும் சேர்க்கிற கறை தனி. முதலில் அது பல்லின் மேற்பரப்பில் ஒட்டுகிறது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயும் இறங்குகிறது.

மேலே ஒட்டிய கறைக்கு ஸ்கேலிங், அதாவது காரையை எடுத்துப் பல்லைச் சுத்தம் செய்வது, போதும். நீங்கள் நினைக்கும் மஞ்சளில் எவ்வளவு பங்கு பற்காரையும் காபிக் கறையும் என்பது சுத்தம் செய்து பார்த்தால்தான் தெரியும். சிலர் அதிலேயே திருப்தியாகி, 'பிளீச்சிங் வேண்டாம் டாக்டர்' என்று எழுந்து போய்விடுவார்கள். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். இடைவெளி ஏற்கெனவே இருந்ததுதான், காரை அதை அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்டமும் அப்படித்தான். ஈறும் எலும்பும் கீழே இறங்கிவிட்ட பல்லைக் காரை ஒட்டுப்போட்டுப் பிடித்திருந்திருக்கும்.

கரித்தூளைப் பற்றி உங்கள் தோழிக்குச் சொல்லுங்கள்: அது செய்வதெல்லாம் தேய்ப்பது. மேல்கறை போகும், கூடவே எனாமலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். எனாமல் ஒருமுறை போனால் திரும்ப வளராது. அது மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் நன்றாகத் தெரியும். பல் வெள்ளையாக வேண்டும் என்று ஆரம்பித்தவருக்கு இரண்டு வருடத்தில் பல் மஞ்சளாகவும் கூச்சமாகவும் ஆகியிருக்கும். எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம். அமிலத்தைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சையின் பிஎச் 2க்குப் பக்கத்தில். அதைத் தடவிவிட்டு பிரஷ்ஷால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கே பல் கூசும்.

இப்போது பிளீச்சிங். இது தேய்ப்பு வேலை இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி, நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை நிறமில்லாத சிறு துண்டுகளாக உடைக்கிறது, அவ்வளவுதான். எனாமல் மெலிவதில்லை. நீங்கள் பயந்த விஷயம் கரித்தூளுக்குத்தான் பொருந்தும். முறையான பிளீச்சிங்குக்குப் பொருந்தாது. பிளீச்சிங்கில் உண்மையாக வரக்கூடிய தொல்லை கூச்சம். பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்லின் நடுச்சதைவரை போய்விடும், அதனால் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று இருக்கும். நிறையப் பேருக்கு வரும், நிறுத்தினால் சில நாளில் போய்விடும். பொட்டாசியம் நைட்ரேட் உள்ள கூச்சப் பற்பசையை இரண்டு வாரம் முன்பிருந்தே பயன்படுத்தினால் பாதித் தொல்லை குறையும்.

கிளினிக்கில் உட்கார்ந்து ஒரே நாளில் செய்வதற்கு 25 முதல் 40 சதவீதம் வரை வீரியமுள்ள பெராக்சைடு. வீட்டில் ட்ரே (உங்கள் பல்வரிசைக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் உறை) போட்டுச் செய்வதற்குப் பெரும்பாலும் 10 சதவீத கார்பமைடு பெராக்சைடு. அதிலிருந்து வெளிவருவது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுதான். உங்களுக்கு நான் சொல்வது வீட்டு ட்ரே. மெதுவாக ஏறும் வெண்மை நன்றாக நிற்கிறது, கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டுச் செய்யலாம். இந்த முறை கண்டுபிடிக்கப்பட்ட கதையும் எனக்குப் பிடிக்கும். 1960களில் அமெரிக்காவில் பற்களுக்குக் கிளிப் போடும் மருத்துவர் ஒருவர், ஈறு புண் ஆறுவதற்காக ட்ரேயில் கார்பமைடு பெராக்சைடு வைத்துக்கொண்டு தூங்கச் சொன்னார். ஈறும் ஆறியது, பல்லும் வெளுத்தது. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இருவர் இதை முறைப்படி எழுதி வெளியிட்ட பிறகுதான் உலகம் முழுவதும் பரவியது.

அந்த நீல விளக்கு கிட் பிரிக்காமலேயே இருக்கட்டும். விளக்கு பெரும்பாலும் வேடிக்கைக்குத்தான். வாயை அரை மணி நேரம் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து வெள்ளையாகத் தெரியும்; எச்சில் ஊறி ஓரிரு நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். கிட்டில் வரும் ட்ரே யாருடைய வாய்க்கும் பொருந்துவதில்லை, ஜெல் வழிந்து ஈறைச் சுடும். இன்னொன்று, அந்த ஜெல்லில் என்ன எவ்வளவு இருக்கிறது என்பதும் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடையில் நேரடியாக விற்கும் பொருளில் 0.1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மேல் இருக்கக் கூடாது. 6 சதவீதம்வரை பல் மருத்துவர் வழியாக மட்டும், அதுவும் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும். அவ்வளவு கறாராக வைத்திருப்பது எதற்கென்று, எரிந்து வெளுத்த ஈறை ஒருமுறை பார்த்தவருக்குப் புரியும்.

ஆனால் ஒன்று. உங்கள் வாயில் ட்ரே பிளீச்சிங்கை மட்டும் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? மற்ற பற்கள் எல்லாம் வெளுக்கும். சாம்பல் பல் கொஞ்சம் வெளுத்துவிட்டு அங்கேயே நிற்கும். இன்றைக்கு 'கொஞ்சம் சாம்பல்' என்று நீங்கள் எழுதும் பல், அன்றைக்கு எதிரில் இருப்பவர் முதலில் பார்க்கும் பல்லாகிவிடும். உடைந்த முனையை அடைத்த சிமென்ட் நிறம் மாறவே மாறாது. அடைப்பு, கேப், வெனீர் எதுவும் பிளீச் ஆகாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு ட்ரே கொடுத்தேன். பற்கள் அருமையாக வெளுத்தன. மூன்றாவது வாரம் வந்தவர் ஒன்றும் பேசாமல் உதட்டை விலக்கிக் காட்டினார். பத்து வருடத்துக்கு முன்னால் போட்ட கேப் ஒன்று, வெள்ளைச் சுவரில் பழைய ஓட்டைக்கு மண் பூசியது மாதிரி தனியாகத் தெரிந்தது. அது கேப் என்று எனக்குத் தெரியும். வெளுக்காது என்றும் தெரியும். சொல்ல மட்டும் மறந்திருந்தேன். என் செலவில் புது கேப் போட்டுக் கொடுத்தேன். அதிலிருந்து ட்ரே கொடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கையில் கொடுத்து, 'இது மாறும், இது மாறாது' என்று ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக் காட்டிவிடுவேன்.

அப்படியென்றால் சாம்பல் பல்லை என்ன செய்வது? சோதனையில் பல் உயிரற்றது என்று உறுதியானால் முதலில் ரூட் கேனால் சிகிச்சை, அதாவது உள்ளே செத்த சதையை எடுத்துவிட்டு வேரை அடைப்பது. அது முடிந்ததும், அதற்காகப் பின்பக்கத்தில் போட்ட துளை வழியாகவே பல்லின் உள்ளே பிளீச் வைக்கலாம். வேருக்குள் போட்ட அடைப்பின் மேல் ஒரு மூடி மாதிரி சிமென்ட் போட்டு, அதன் மேல் சோடியம் பெர்போரேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஈர மணல் பதத்தில் வைத்து, தற்காலிகமாக அடைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நான்கைந்து நாள் கழித்து வந்தால் திறந்து, கழுவி, புதிதாக வைப்போம். இரண்டு முதல் நான்கு முறை. ஒவ்வொரு முறை வரும்போதும் சாம்பல் விலகிக்கொண்டே வருவதைக் கண்ணாடியில் நீங்களே பார்க்கலாம். எனக்கு இந்தத் தொழிலில் அலுக்காத வேலைகளில் இது ஒன்று. பல்லை முன்பக்கத்தில் துளிகூடத் தொட வேண்டியதில்லை.

உங்கள் மருத்துவரிடம் இதில் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: அந்தச் சிமென்ட் மூடி போடுகிறாரா என்று. மூடி இல்லாமல், வீரியமான பெராக்சைடைச் சூடுபடுத்தி வைக்கும் பழைய முறையில், ஈறு ஓரத்தில் வேர் வெளியிலிருந்து அரிக்கப்படும் ஆபத்து இருந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் அப்படிச் செய்வதில்லை. கேட்டு வைப்பதில் தவறில்லை.

பல் உயிரோடுதான் இருக்கிறது, உள்ளே தூர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் ரூட் கேனால் தேவையில்லை. அந்த ஒரு பல்லுக்கு மட்டும் ட்ரேயில் கூடுதல் நாள் ஜெல் வைத்து வெளியிலிருந்தே முயலலாம்.

எட்டு வெனீருக்கு வருகிறேன். வெனீர் கெட்ட சிகிச்சை என்று நான் சொல்லவில்லை. 1928இல் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்காக இதை உருவாக்கியபோது அது காலையில் ஒட்டி மாலையில் கழற்றும் ஒப்பனைப் பொருள். இன்றைய பீங்கான் வெனீர் அப்படி இல்லை. ஒட்டினால் ஒட்டியதுதான், அதை ஒட்டுவதற்குப் பல்லின் முன்பக்கத்தில் சுமார் அரை மில்லிமீட்டர் எனாமலைச் சீவ வேண்டும். முன்பல்லின் எனாமலே மொத்தம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். நன்றாகச் செய்த வெனீர் பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். உங்களுக்கு 29. கணக்குப் போட்டுப் பாருங்கள், வாழ்நாளில் மூன்று முறையாவது மாற்ற வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் பல் போகும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் பற்களில் வடிவக் குறை இல்லை, இடைவெளி இல்லை, வரிசையும் கோணலாக இல்லை. நிறம்தான் குறை. நிறத்துக்காக ஏழு நல்ல பற்களைச் சீவுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சாம்பல் பல்லுக்கு வெனீர் போட்டாலும் பிரச்சினை தீராது. மெல்லிய பீங்கான் வழியாக அடியில் இருக்கும் சாம்பல் நிழலாடும். அதை மறைக்க ஒளி புகாத பீங்கான் போட்டால் பல் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உயிரில்லாமல் தெரியும். ஆக, வெனீர் போடுவதானாலும் உள்ளே பிளீச் செய்த பிறகுதான் போட வேண்டும். பிளீச் செய்த பிறகு பலருக்கு வெனீர் தேவைப்படுவதே இல்லை.

உங்களுக்கு நான் போடும் வரிசை இது. இந்த வாரமே எக்ஸ்ரே, ஸ்கேலிங். சொத்தை ஏதாவது இருந்தால் அடைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை உள்ள பல்லில் பெராக்சைடு போனால் தாங்க முடியாது. அப்புறம் ரூட் கேனால் தேவை என்றால் அது, அதைத் தொடர்ந்து உள் பிளீச். இவற்றுக்கு நான்கு முதல் ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். சில மருத்துவர்கள் மற்ற பற்களை முதலில் வெளுத்துவிட்டு, அந்த நிறத்துக்குக் கருத்த பல்லைக் கொண்டுவருவார்கள். நான் கருத்த பல்லிலிருந்துதான் தொடங்குவேன். அது எந்த நிறத்தில் போய் நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது; மற்றவற்றை அதற்கு ஏற்ப எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த இரண்டு மூன்று வாரம் ட்ரே. ட்ரேயை நிறுத்தியதும் இரண்டு வாரம் சும்மா இருக்க வேண்டும். பல்லுக்குள் தங்கியிருக்கும் ஆக்சிஜன் போகாமல் புது அடைப்பு சரியாக ஒட்டாது; நிறமும் அதற்குள் ஒரு படி இறங்கி நிலைக்கும். கடைசியாக அந்தப் பழைய முனை அடைப்பை எடுத்துவிட்டு, புது நிறத்துக்குப் பொருத்தமாக காம்போசிட் என்ற பல் நிற அடைப்பில் கட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் பத்து வாரத்துக்குள் முடியும். கையில் மூன்று மாதம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போடும் அளவுக்கு இல்லை.

எவ்வளவு வெள்ளை வேண்டும் என்று கேட்பார்கள். ஷேட் கைடு என்று 16 சாயல்களில் பொய்ப்பற்கள் குத்திய சீப்பு போன்ற ஒன்றைப் பல்லருகே பிடித்துக் காட்டுவார்கள். லிப்ஸ்டிக் போடாமல் போங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பல்லும் வெள்ளையாகத்தான் தெரியும். விளக்கை அணைக்கச் சொல்லி ஜன்னலருகே வைத்துப் பாருங்கள். உங்கள் கண்ணின் வெள்ளையைவிடப் பல் வெள்ளையாக இருந்தால் முகத்தில் பல் மட்டும் தனியாக மிதக்கும். கண்ணின் வெள்ளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முதல் நாளிலேயே அந்தச் சீப்பைப் பல்லோடு சேர்த்து ஒரு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். நிறம் மெதுவாக மாறுவதால், மூன்றாவது வாரம் எல்லோரும் 'ஒன்றுமே மாறவில்லையே' என்பார்கள், நானும் அந்த ஃபோட்டோவைக் காட்டுவேன்.

கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டும் தாய்மார்களும் பிளீச்சிங்கைத் தள்ளிப்போடுவது நல்லது. திருமணத்துக்குப் பிறகு மறுபடி செய்ய நினைத்தால் இது நினைவிருக்கட்டும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு வயதில் குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்து பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புப் புள்ளியும் விழுந்தவர்களுக்கும், எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டுப் பட்டை பட்டையாகச் சாம்பல் ஏறியவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. டெட்ராசைக்ளின் கறைக்கு ட்ரே மாதக்கணக்கில் பிடிக்கும். அவர்கள் தனியாக எழுதினால் தனியாகப் பதில் சொல்கிறேன்.

ட்ரே வந்ததும் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு பல்லுக்கும் முன்பக்கத்தில் ஓர் அரிசி அளவு ஜெல் போதும். மாட்டியதும் ஈறு ஓரத்தில் பிதுங்குவதை விரலில் துணி சுற்றித் துடைத்துவிடுங்கள். அந்த இரண்டு மூன்று வாரமும் காபியைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள், முடியாவிட்டால் குடித்ததும் வாய் கொப்பளியுங்கள். முடிந்த பிறகு ட்ரேயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு வருடத்தில் நிறம் இறங்கினால் நாலு நாள் ஜெல் வைத்தாலே ஏறிவிடும். கழுவும்போது பச்சைத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் ட்ரே வளைந்துவிடும், மறுபடி அளவெடுக்க வர வேண்டியிருக்கும்.